ரேமுக்கு ஏற்ற கம்ப்யூட்டர்

மூத்தவள் பிறந்தபோது வீட்டுக்காரர் குவைத்தில் ஏசி வேலையில் இருந்தார். பிள்ளையைப் போட்டோவில் பார்த்துவிட்டார். பிள்ளை அசைவதைப் பார்க்க வேண்டும் என்றார். நியாயம்தான். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. கேமராவைத் திறந்ததும் படம் அப்படியே நின்றுவிடும். பிள்ளை கொட்டாவி விட்டால் அவருக்கு அன்று முழுக்கத் தெரிவது அந்தத் திறந்த வாய்தான்.

பாலிடெக்னிக்கில் படித்த கொழுந்தன் பெட்டியைக் கழற்றிப் பார்த்து, ரேம் காணாது, கூட்ட வேண்டும் என்றான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சரி, வாங்கி வா என்றேன். வீட்டுக்காரர் விடவில்லை. உள்ளூர்ச் சரக்கு ஆகாது, நானே கொடுத்து விடுகிறேன் என்றார். எந்த மாதிரி ரேம் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. வெளிநாட்டுச் சாதனம் எதிலும் சேரும் என்று நினைப்பு.

அவரோடு வேலை பார்த்து லீவில் வந்த முட்டம் ஊர்க்காரர் ஒருவர் கையில் ரேம் வந்தது, சோப்புக்கும் தைலத்துக்கும் நடுவில். மாமியார் அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தார்கள். கொழுந்தன் பெட்டிக்குள் இருக்கும் போர்டில் வைத்து அழுத்தினான். ஏறவில்லை. ரேமில் வெட்டு ஒரு இடத்தில், போர்டில் மேடு வேறு இடத்தில்.

வடசேரியில் ஒரு கடைக்குப் போனோம். பழைய போர்டுக்குச் சேரும் ரேம் கடைக்காரரிடமே இருந்தது. இப்போதே மாட்டலாம், இன்றைக்கே பிள்ளையைக் காட்டலாம் என்றார். கொழுந்தனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"மைனி, அண்ணன் குடுத்துவிட்டது ஒரிஜினல் சாதனமாக்கும். அத தூரப் போடவா?"

"சேரல்லயே."

"ரேம்ல குத்தமில்ல. போர்டுதான் பழசு."

வீட்டுக்காரரிடம் போனில் கேட்டோம். அவரும் அதையே சொன்னார். அண்ணன் தம்பி ஒற்றுமையை அன்றுதான் பார்த்தேன்.

கூட்டாளிகளைக் கூட்டி, கார் ரேஸ் விளையாட்டு ஓடுமா என்று விசாரித்து, கொழுந்தன் புதுப் போர்டு வாங்கினான். பிள்ளையின் முகம் தெரிய கார் ரேஸ் ஓட வேண்டும் போல. ரேம் ஏறியது. பழைய புராசசர் அதில் உட்காரவில்லை. மறுபடி கூட்டாளிகள் கூட வேண்டும், அண்ணன் சம்மதிக்க வேண்டும். புதுப் புராசசர் வருவதற்குள் பிள்ளை குப்புறக் கவிழ்ந்துவிட்டாள். பிறகு, கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தப் போர்டுக்கு வேண்டிய வயர் இல்லை என்றான். அதுவும் மாறியது. பிள்ளை முட்டுப்போட்டுத் தவழ்ந்தாள். அடுத்தது ஹார்ட் டிஸ்க். அதன் பட்டை வயரைச் சொருகப் புதுப் போர்டில் இடமே இல்லையாம்.

பிரௌசிங் சென்டருக்காவது போகிறேன் என்றேன். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும்போது பிள்ளையைத் தெருவில் கொண்டு காட்டுவதா என்று மாமியாருக்குக் குறைச்சல். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது உண்மை. கட்டிலுக்கு அடியில், தனித்தனியாக.

கடைசியில் பழையதாக மிஞ்சியது வெளிப்பெட்டியும் நானும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து போட்டோம். கேமரா திறந்தது. அவர் முகம் தெளிவாக வந்தது. கொழுந்தன் நெஞ்சை நிமிர்த்தினான். பிள்ளையை நாற்காலியில் இருத்தினேன். சறுக்கி இறங்கிப் போய்விட்டாள்.

"நாற்காலி நல்லா தெரியுது. பிள்ள எங்கட்டி?" என்றார்.

"முற்றத்துல ஓடிட்டு கெடக்கா. நடக்கத் தொடங்கியாச்சு."

நான் போய்த் தூக்கி வந்தேன். பெட்டிக்குள் ஒரு ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பிள்ளை அழுதாள். முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டாள். அவர் கூப்பிட்டார், கை தட்டினார், பூனை மாதிரி கத்தினார். திரும்பவில்லை. படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நல்ல ரேம்தான்.

அவர் அந்தப் பின்னந்தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொள்ளாம்," என்றார். "நல்ல முடி."