பெயரை எடுத்துவிடச் சொன்னவர்

இதை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். ரவுண்ட் ராக் என்ற அமெரிக்க ஊரில் எங்கள் வீட்டுச் சத்யநாராயண பூஜைக்கு, கனடாவில் ஒரு பெரிய நகரத்துப் பத்திரிகையில் எழுதும் நரைத்த தாடிக்காரர் வந்திருந்தார். எந்தப் பேப்பரைத் தொட்டாலும் முதலில் அதன் ஓனர் யாரென்று தேடுவார்.

அவருடைய பத்திரிகை அப்போதுதான் கைமாறியிருந்தது. அது இதுவரை யார் யாரிடம் இருந்தது என்று அவர் எழுதிய கட்டுரையில், புது முதலாளி பற்றிய பகுதியை வெட்டப்போவதாகப் பூஜை நடுவில் அவருடைய ஆபீஸிலிருந்து போன் வந்தது. அப்படியானால் கட்டுரையிலிருந்து தன் பெயரையும் எடுத்துவிடும்படி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்தார்.

"வேலை போயிடாதா அங்கிள்?" என்றேன்.

"போகலாம்மா. பேப்பரைத்தான் அவங்க வாங்கினாங்க, என் பேரை வாங்கலையே. பிரசாதம் குடு, அதையாவது வெட்டாம குடு."

வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வேலை போனதா, தெரியாது. பௌர்ணமிதோறும் அவருக்காக வேண்டிக்கொள்கிறேன். இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள், அவர் சொன்னதில் எதையும் வெட்டாமல் சொல்லுங்கள்.