உஷாராணி மேடத்தின் சின்ன உரல்

ராசிபுரம் பக்கத்து நர்சிங் கல்லூரி ஒன்றில் உஷாராணி மேடம் இருபத்திரண்டு வருஷமாகப் பாடம் எடுக்கிறார். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கண்டால் போதும், அன்றைக்கு அந்த மாணவிக்கு மதியச் சோறு இறங்காது. நர்சுக்கு நர்சுதான் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால், புதன்கிழமைதோறும் பார்மசி மாணவர்களோடு சேர்ந்து வகுப்பு என்று முதல்வர் அறிவித்ததும் மேடத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

தன் மாணவிகளை முன்னால் உட்காரவைத்து, பார்மசிப் பிள்ளைகளைப் பின்னால் தள்ளி, நடுவில் ஒரு பெஞ்சைக் காலியாக விட்டார். இந்த வகுப்பு தொடரலாமா என்று இரண்டு மாதம் கழித்து ஆசிரியர்கள் எழுதித்தர வேண்டும். மேடம் முதல் வாரமே 'தேவையில்லை' என்று எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவு நம்பிக்கை.

மூன்றாவது புதன்கிழமை, விழுங்கச் சிரமப்படும் நோயாளிக்கு மாத்திரை கொடுப்பது எப்படி என்று பாடம். பக்கவாதம் வந்து வீட்டோடு இருக்கும் மாமனார் தங்கசாமியின் பிரஷர் மாத்திரை ஒன்றையே செய்து காட்டக் கொண்டுவந்திருந்தார். சின்ன உரலில் போட்டு நுணுக்கி, தேனில் குழைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து பார்மசி மாணவி சத்யபிரியா எழுந்து, மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"மேடம், இதை நுணுக்கக் கூடாதுங்க. நாள் பூராவும் கொஞ்சங்கொஞ்சமாக் கரையறதுங்க. நுணுக்கினா மொத்தமும் ஒரேயடியா உள்ள போயி, பிரஷர் எறங்கித் தலை சுத்துமுங்க."

மேடம் பார்மசி ஆசிரியர் கதிர்வேலைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தபடி ஆமாம் என்றார். நுணுக்கும்போதே அவருக்குத் தெரியும். அடுத்த துறை ஆசிரியரை வகுப்பில் வைத்துத் திருத்துவது மரியாதையில்லை என்று சும்மா நின்றிருந்தார். நல்ல மரியாதை!

வீட்டிலும் மேடம் காலையில் இப்படி நுணுக்கித்தான் மாமனாருக்குக் கொடுத்துவந்தார். தினமும் பத்து மணிக்குத் தலை சுத்துது என்பார் அவர். வெயில் என்று மேடம் சமாதானம் சொல்வார். போன வாரம் குளியலறையில் விழப்போனவரைக் கணவர் அன்பழகன்தான் தாங்கிப் பிடித்தார். மேடம் வெளியே ஓடி, கணவருக்குப் போன் செய்தார்.

"ஏனுங்க, மாமாவைப் படுக்க வையுங்க, எந்திரிக்க உடாதீங்க. நான் டாக்டரைக் கேட்டுட்டு இப்பவே வாரேன்."

டாக்டர் மருந்தை மாற்றினார். தலைசுற்றல் நின்றது. அடுத்த புதன்கிழமை மேடம் சத்யபிரியாவை அந்தக் காலி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு எல்லோரிடமும் சொன்னார்: "இத்தனை வருசமும் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கறேன்."

கைப்பையிலிருந்த தாள் குப்பைக்கூடைக்குப் போனது. அதோடு விஷயம் முடியவில்லை. இருபத்திரண்டு செட் மாணவிகள் எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ அட்டையைப் பார்க்காமலே மாத்திரை நுணுக்கிக்கொண்டிருக்கிறார்கள். மேடம் பழைய பதிவேட்டைத் திறந்து, முதல் பெயரிலிருந்து ஒவ்வொருவருக்கும் போன் செய்துகொண்டிருக்கிறார்.