கடதாசியில் சுடாத அங்கிள்

துவக்குக் கடையில் நானும், நான் வாடகைக்கிருந்த பேஸ்மென்டின் வீட்டுக்கார அங்கிளும் நின்றோம். அவரை வான்கோழி வேட்டைக்கு அழைத்த, அவர் வேலைசெய்யும் இடத்து முதலாளி கடைக்கு வரவில்லை. முதலாளியின் கண்முன்னே ஒரு கோழியை விழுத்தினால் சுப்பவைசர் வேலை தனக்குத்தான் என்று அங்கிள் நம்பினார். துவக்கில் பூட்டிக் குறிபார்க்கும் சிவப்புப் புள்ளிக் கண்ணாடிகளை, பட்டுச்சேலை தெரிவுசெய்பவர் மாதிரி ரியூப்லைற்றுக்கு நேரே பிடித்துப் பார்த்து, புள்ளி பெரிதாகத் தெரிந்ததை எடுத்தார்.

“முதல்ல கடதாசியில சுட்டு, தோட்டா படுற இடத்துக்குப் புள்ளியைச் சரிப்படுத்த வேணுமாம், அங்கிள்,” என்று கடைக்காரன் சொன்னதைச் சொன்னேன்.

“தோட்டா சும்மாவே வருகுது? கடதாசியைச் சுட்டு ஆர் தின்னுறது? படிச்ச ஆக்களுக்கு உதுதான் புத்தி, தம்பி!”

சனிக்கிழமை விடியலில் வான்கோழி புள்ளிக்குள் வந்து நின்றதாம். அங்கிள் சுட்டார். அது பறந்துபோனது, அதை மயக்கி வரவழைக்க முதலாளி பக்கத்தில் வைத்திருந்த பிளாஸ்டிக் கோழி சிதறியது.

இவ்வளவு துணிவான மடையரை நான் பிறகு கண்டதில்லை. வேலை வேறொருவனுக்குப் போனது. பிளாஸ்டிக் கோழிக்கு மட்டும் அங்கிள் முதலாளிக்குக் கொடுத்தது முப்பத்தைந்து டொலர்.