எழுதக் கூடாத குழந்தை

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எனக்கு விழுந்தது, மதுக்கரைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த ஒரு பழங்குடிப் பதி. நகரத்துக்குள்ளேயே ஆர்.எஸ்.புரத்தில் வீடு வீடாக ஏறி மோர் குடித்துக்கொண்டே எழுதலாம் என்று கனவு கண்டிருந்த பள்ளி ஆசிரியை நான். உத்தரவைப் பார்த்ததும் தலைமையாசிரியரிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடக்க ஆரம்பித்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சிமெண்ட் ஆலையின் இரைச்சல் பின்னால் தேய்ந்து தேய்ந்து இல்லாமலே போனது. மூங்கில் நிழலும் வெயிலும் மாறி மாறிக் காலில் விழ, பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது.

பதியின் மூப்பரிடம் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டேன். "பதினாலு அடுப்புங்க" என்றார். பதி முழுக்க ஆட்களை எண்ணும் வழக்கமே அங்கே இல்லை. வயதும் அப்படித்தான். ஒருவர் யானை கிணற்றில் விழுந்த வருஷம் பிறந்தவர், ஒருத்தி மழையே பெய்யாத வருஷத்துக்கு அடுத்த மாசியில் பிறந்தவள். யானையையும் மழையையும் கூட்டிக் கழித்து நான் போட்ட வயதைக் கேட்டு அவர்களே சிரித்தார்கள்.

கடைசிக் குடிசையில் ஓர் இளம்பெண் இருந்தாள்.

"மூணு பேருங்க. நானு, அவரு, எங்க மாமியா."

சொல்லி முடிப்பதற்குள் உள்ளே தூளியில் ஒரு குழந்தை சிணுங்கியது.

"அது யாரு அம்மணி?"

"அது இன்னும் ஆளில்லீங்க டீச்சரம்மா."

அந்தப் பதியில் முதல் பல் முளைக்கும்வரை குழந்தையை ஆள் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம். சேர்த்தால் தங்காதாம். "இந்தப் பொண்ணுக்கு முன்னால ரெண்டுங்க. ரெண்டையும் நர்சம்மா வந்து நோட்டுல எழுதுனாங்க. ரெண்டும் போயிருச்சு. இதையும் எழுதிப்போடாதீங்க" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பல் முளைக்கும்வரை அரசாங்கம் காத்திருக்குமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் பிடியை விடாததில் விழுங்கிவிட்டேன்.

"எழுதல கண்ணு" என்று பேனாவை மூடினேன்.

பாதி வழி இறங்கியதும் ஒரு பாறையில் உட்கார்ந்து எழுதினேன். பெயர் வைக்காத பெண் குழந்தை, வயது பூஜ்யம்.

பிறகு வந்த நாட்களில், வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதெல்லாம் என் கண்ணுக்குள் அந்தத் தூளி ஆடிக்கொண்டிருந்தது. படித்தவளுக்கு இதென்ன பைத்தியம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பயம் போகவில்லை.

மார்ச் முதல் வாரம் மறுபடியும் போனேன். இடையில் யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள் என்று கேட்டுக் கணக்கைத் திருத்தும் சுற்று அது. கடைசிக் குடிசையின் படல் திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை, தூளியையும் காணோம். பின்புறம் தண்ணீர் சத்தம் கேட்டுப் போனால், அவள் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். துவைத்த தூளிச் சேலை வேலியில் காய்ந்தது.

என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க எழுதாம உட்டீங்கல்லங்க, அதான் தங்கியிருக்குது. நீங்க நல்லா இருக்கோணும்" என்று ஈரக் குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

தோளில் தொங்கிய பையில், என் கையெழுத்தில், அந்தக் குழந்தை இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவளோ, நான் சந்தோஷத்தில் அழுவதாக நினைத்துத் தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.