சித்தப்பா படித்துக் காட்டிய விமர்சனம்

எனக்கு எழுத்துத் தெரியாது. அந்த நாளில் ராயபுரத்தில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. ஆனாலும் எங்கள் வீட்டில் வாராவாரம் பத்திரிகை உண்டு; சித்தப்பா படிப்பார், நாங்கள் கேட்போம். பகலில் அவருக்கு ஹார்பரில் குமாஸ்தா வேலை. மாலையில், பட்டணத்து இளவட்டங்களுக்காக வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதுவார். எந்த நாடகம் பார்க்கலாம், எந்த இசைத்தட்டு வாங்கலாம், எந்தப் புத்தகம் தூங்கவைக்கும், எந்த காபி கிளப்பில் ரேடியோ நன்றாகக் கேட்கும், எல்லாம் அவர் சொன்னால்தான். கால்சட்டை எவ்வளவு தொளதொளப்பாக இருக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார். அவரோ வேட்டியைத் தவிர வேறெதுவும் கட்டியதில்லை!

ஒரு வாரம், நாடகத்தில் ராஜா வேஷம் கட்டும் காசிமேட்டு ராஜபார்ட்டு ஒருவர் அவர் பேனாவில் மாட்டிக்கொண்டார். போர்க்களத்தில் அவர் பாடிய பாட்டின் நீளம் தாங்காமல், செத்துக் கிடந்த எதிரி ராஜா எழுந்து கொசு விரட்டிவிட்டு மறுபடி செத்தாராம். சித்தப்பா அதைப் படித்துக் காட்டியபோது சித்தி சிரித்த சிரிப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

மறுநாள் காலை அந்த ராஜபார்ட்டே வாசலில் நின்றார். கதவை அடைக்கும் உடம்பு. கையில் சுருட்டிய பத்திரிகை.

“எய்துறவரு வூடு இதானா?”

“அவரு வூட்ல இல்லீங்களே” என்றாள் சித்தி. கதவுக்குப் பின்னாலிருந்து சித்தப்பா தும்மினார்.

வெளியே வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. அடி விழப்போகிறது என்று நான் சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். ராஜபார்ட்டு சற்று நகர்ந்தார். அவருக்குப் பின்னால் மீன்கூடையோடு ஒரு கிழவி.

“எங்கம்மா சார். பேப்பர்ல நான் வந்துகீறேன்னு எவனோ சொல்லிட்டான். எய்துனவரே படிச்சாத்தான் நம்புவேன்னு ஒரே பேஜாரு.”

கிழவி கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்தேவிட்டாள். “படி நைனா. என் புள்ளயப் பத்தி இன்னா போட்டுகீது?”

சித்தப்பா பத்திரிகையை வாங்கிப் பிரித்தார். ராஜபார்ட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: இந்தப் பட்டணத்து மேடையில் இப்படி ஒரு ராஜா நின்றதே இல்லை. அவர் பாடியபோது கொட்டகையே கலங்கிப்போனது.

“அப்டியா போட்டுகீது! இன்னொரு தபா படி.”

இன்னொரு தடவையும் படித்தார். இந்தத் தடவை ராஜா இன்னும் கம்பீரமாக வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“சித்தப்பா, கொசுவ வுட்டுட்டியே!”

சித்தி என் தொடையில் கிள்ளினாள்.

“இன்னா கொசு?” என்றாள் கிழவி.

ராஜபார்ட்டுதான் குனிந்து சொன்னார்: “ஒண்ணுமில்லம்மா. நான் பாடச்சொல்ல கொட்டாயில ஒரு கொசுகூட பறக்கலயாம். அதத்தான் எய்திகீறாரு.”

கிழவி சித்தப்பாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். சித்தியின் கையில் ஒரு வஞ்சிரத்தைத் திணித்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி பிள்ளை புராணம் பேசிக்கொண்டே படியிறங்கினாள். அப்போதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

எனக்கு மட்டும் குழப்பம். எழுத்து என்பது ராத்திரி வைத்த குழம்புபோலக் காலையில் மாறிவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ராஜபார்ட்டு கொசுக் கதையை முன்பே படித்துவிட்டுத்தான் வந்திருந்தார் என்பது எனக்கு எட்டவில்லை. அவர் உடனே போகவில்லை. சித்தப்பாவின் கையைப் பிடித்தபடி நின்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். ராயபுரத்தில் ஹார்பர் நிலக்கரித் தூசு யார் கண்ணில்தான் விழாது! நான் உள்ளே ஓடி, கண் கழுவ ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன்.