ஆம்புலன்ஸ் அக்காவின் காது

ஆம்புலன்சுக்கு போன் போட்டால் மறுமுனையில் முதலில் கேட்கும் குரல் அவளுடையது. அழுகிறவர்கள், கத்துகிறவர்கள், பேச்சே வராமல் மூச்சு மட்டும் வாங்குகிறவர்கள் என்று யாராக இருந்தாலும் முகவரியைக் கறந்துவிடுவாள். "அழாதீங்க, நான் லைன்லயேதான் இருக்கேன். வீட்டுக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்று அவள் கேட்கிற தோரணையிலேயே பாதிப் பேருக்குப் போன நாக்கு திரும்பி வந்துவிடும். கட்டுப்பாட்டு அறையில் புதிதாகச் சேர்கிறவர்களை அவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார வைப்பார்கள். எந்த இரைச்சலுக்கு நடுவிலும் தெருப் பெயரைப் பிடித்துவிடுகிற காது அது.

கிட்டார் அவள் வாழ்க்கையில் தாமதமாகத்தான் வந்தது. மகள் படிக்க விடுதிக்குப் போனபிறகு காலியாகக் கிடந்த அறையில் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கிட்டார் வாங்கி வைத்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர், "நாலு நாள் தாங்குமா? அப்புறம் பரண்தான்" என்றார். பரணுக்குப் போகவில்லை. மற்றவர்களின் அழுகையெல்லாம் காதில் ஒட்டிக்கொண்டுதான் அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வருவாள். அரை மணி நேரம் வாசித்தால் அது கழன்று விழுந்துவிடும். மருந்து மாத்திரைக்குக் கூட அப்படிக் கேட்காது.

அடுத்து பெடல் பித்துப் பிடித்தது. காலால் அமுக்குகிற சின்னச் சின்னப் பெட்டிகள்தான் பெடல்கள். ஒன்றை அமுக்கினால் கிட்டாரின் குரல் கரகரக்கும், இன்னொன்றை அமுக்கினால் அலை அலையாக ஆடும், மற்றொன்று வாசித்ததை மலையில் மோதித் திரும்புவதுபோல் எதிரொலிக்கும். இவற்றையெல்லாம் ஒரு பலகையில் பதித்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வயர் கொடுத்து வைத்தால் அது பெடல் போர்டு. எதற்கு அடுத்து எதை மாட்டுவது என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. வரிசை மாறினால் சத்தமே மாறிவிடும். கிட்டார்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் வாசிப்பதைவிட இந்த வரிசையைப் பற்றிப் பேசித் தீர்ப்பதற்குத்தான் நேரம் போதாது.

அப்படிப் பேசித் தீர்க்கவே ஒரு கூட்டம் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஒரு ஃபர்னிச்சர் கடையின் மாடியில் கூடுவார்கள். கடைக்காரரும் கிட்டார்காரர். ஒவ்வொருவரும் தங்கள் போர்டை மேசையில் பரப்பி, இது ஏன் முன்னால், அது ஏன் பின்னால் என்று விளக்க வேண்டும். பல் டாக்டர் ஒருவர் கதவு அகலத்துக்கு ஒரு போர்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருவார். அவருக்கு வாசிக்கத் தெரிந்த பாட்டுகளைவிடப் பெடல்கள் அதிகம். கணக்கு வாத்தியார் ஒருவர் ஒரே ஒரு பெடலோடு வந்து, அதற்கு மேல் வைத்திருப்பவர்களையெல்லாம் பேராசைக்காரர்கள் என்று திட்டுவார். அந்தக் கூட்டத்தில் அவளுக்கு வைத்த பெயர் ஆம்புலன்ஸ் அக்கா.

எதிரொலிக்கிற பெடல் ஒன்றைப் புதிதாக வாங்கி மாட்டிய சில நாளில், ஒரு சாயங்காலம் ஹெட்போனில் அந்தச் சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ பல்லிடுக்கில் காற்றை ஊதுவதுபோல மெல்லிய விசில். கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள். விசில் நிற்கவில்லை. ஹெட்போனைக் கழற்றினாள். மூச்சுக் காட்டாமல் அறை நடுவே நின்று கேட்டாள். இன்னமும் கேட்பதுபோலத்தான் இருந்தது. பயந்துபோய்க் கிட்டாரைக் கீழே வைத்தாள்.

காரணம் அவளுடைய பெரியக்கா. பெரியக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், "காதுக்குள்ள யாரோ விசில் அடிக்கிறாங்கடி" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இடது காது முழுசாகப் போயிற்று. வலது காது கருவி வைத்தால்தான் வேலை செய்யும். பிள்ளைகள் கேட்கிற கேள்வி காதில் விழாமல், வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்தால் உடனே காட்டச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, துணைக்குப் போயிருந்த அவளும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் கணவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள். கொஞ்சம் வாசித்தாள், நிறுத்தினாள்.

"ஏதாவது கேக்குதா?"

அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். "நல்லாதான் இருக்கு."

"அத விடுங்க. வேற ஏதாவது?"

"வேற என்ன? அருமையா இருக்கு."

அவ்வளவுதான். இது தன் காதுக்குள் மட்டும் இருக்கிற சத்தம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

டாக்டரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் போனால் காகிதத்தில் எழுதித் தருவார்கள், அது அலுவலகத்துக்குப் போகும், லைனிலிருந்து எடுத்துவிட்டு எங்கேயாவது ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துவிடுவார்கள். அடுத்த வாரம் பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நாளைத் தள்ளினாள். தள்ளத் தள்ள விசில் பெரிதாயிற்று. தலையணையில் காது வைத்தால் கேட்டது. ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றால் கேட்டது. கட்டுப்பாட்டு அறையில் கம்ப்யூட்டர்களின் இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டு கேட்டது.

ஒருநாள் ஒரு பெண் அழைத்தாள். அவளுடைய மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். அந்தப் பெண் தெருப் பெயரைச் சொன்னாள். பிடிபடவில்லை. இவள் மறுபடி கேட்டாள். அந்தப் பெண் கத்திச் சொன்னாள். அப்போதும் பிடிபடவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது எதிர் வரிசையில் இருந்த மேற்பார்வையாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார். வண்டி சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, பெரியவருக்கு மணிக்கட்டில் முறிவு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு, கண்ணாடியில் தன் காதையே வெறித்துக்கொண்டு நின்றாள்.

கிட்டாரைத் தொடுவதை நிறுத்தினாள். அந்த மாதக் கூட்டத்துக்கும் போகவில்லை. கணவர் விளையாட்டாக, "என்ன, பரணைத் துடைச்சு வைக்கவா?" என்று கேட்டார். அவள் வள்ளென்று விழுந்ததில் மனிதர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த மாதம் பல் டாக்டர் போன் செய்தார்.

"அக்கா, இந்தத் தடவ உங்க போர்டுதான் முதல்ல. வரலைன்னு வைங்க, வீட்டுக்கே வந்து தூக்கிட்டுப் போயிடுவேன். ஆம்புலன்சுக்கே ஆம்புலன்ஸ் அனுப்புனாங்கன்னு ஊர் சிரிக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போகலாம், போர்டைக் கடைசி முறையாகக் காட்டலாம், அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, "சரி டாக்டர்" என்றாள்.

மாடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்களில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். "விக்கிற சோபா, பாத்து உக்காருங்கப்பா" என்று கடைக்காரர் வழக்கம்போலக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் போர்டை மேசையில் வைத்து, செத்த குரலில் வரிசையைச் சொன்னாள். முதலில் சுருதி பார்க்கிற பெட்டி, அடுத்து கரகரப்பு, அதற்கடுத்து அலை, கடைசியில் புதிதாக வாங்கிய எதிரொலி. வாசித்துக் காட்டச் சொன்னார்கள்.

"கை வலிக்குது. டாக்டர், நீங்க வாசிங்க."

டாக்டர் கிட்டாரை மாட்டிக்கொண்டார். ஸ்பீக்கரைப் போட்டார்கள். கரகரப்புப் பெடலைக் காலால் அமுக்கியவர், கம்பியில் கை வைக்கும் முன்பே தலையைச் சாய்த்தார்.

"என்னக்கா இது, விசில் அடிக்குது?"

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. "என்ன சொன்னீங்க?"

"விசில்க்கா. உய்ய்ன்னு கேக்கல?"

"ஆமா, எனக்கும் கேக்குது. கொசு காதுக்குள்ள பூந்த மாதிரி" என்றார் கணக்கு வாத்தியார்.

"கேக்குதா? நிஜமாவா? யார் யாருக்குக் கேக்குது? கைய தூக்குங்க!"

அவள் குரல் கீச்சென்று போனதில் எல்லாரும் திகைத்துவிட்டார்கள். ஒவ்வொரு கையாக மேலே போனது. கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். அவள் கோபித்துக்கொண்டாள் என்று நினைத்த டாக்டர், "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, எல்லார் போர்டுலயும் வர்றதுதான்" என்று சமாதானம் சொல்லத் தொடங்கினார். அவள் பின்னாலிருந்த சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை சடசடத்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து முட்டின.

டாக்டர் குனிந்து வயர்களைப் பார்த்தார். "எல்லாத்துக்கும் ஒரே அடாப்டர்ல இருந்து கரண்ட் எடுத்திருக்கீங்க. இந்த எதிரொலிப் பெட்டிக்கு அது ஆகாது. அது போடுற சத்தம் கரண்ட் வழியா மத்ததுக்கும் போகுது. கரகரப்புப் பெடல் அத ஊதிப் பெருசாக்கிடுது." தன் பையிலிருந்து வேறொரு அடாப்டரை எடுத்து எதிரொலிப் பெடலுக்கு மட்டும் தனியாகக் கரண்ட் கொடுத்தார்.

விசில் நின்றது. மாடியே கழுவிவிட்டதுபோல இருந்தது.

"திரும்ப மாட்டுங்க" என்றாள்.

மாட்டினார். விசில்.

"எடுங்க."

எடுத்தார். நின்றது.

"இன்னொரு தடவ."

டாக்டர் சளைக்காமல் மாட்டினார், எடுத்தார், மாட்டினார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் போர்டில் கோளாறு என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பெரியக்கா, தலையணை, ஃபிரிட்ஜ், பிடிபடாமல் போன தெருப் பெயர், எல்லாம்.

"ஏன்க்கா, எங்கள்ல யாருக்காவது ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" என்றார் கணக்கு வாத்தியார்.

"போன் எடுத்துதான் சார் பழக்கம். பண்ணிப் பழக்கமில்ல."

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அதெல்லாம் சரி. உங்க பெரியக்காவுக்கு வந்திருக்குன்னா நீங்களும் ஒரு தடவ காதைக் காட்டிடணும்."

"நாளைக்கே போறேன்" என்றாள். இத்தனை நாள் தொண்டையில் சிக்கிக் கிடந்த அந்தச் சொல் இவ்வளவு லேசாக வெளியே வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவரை மறுபடி அதே நாற்காலியில் உட்கார வைத்தாள். வேண்டுமென்றே வயரைப் பழையபடி மாட்டி, ஹெட்போனை வைத்தாள்.

"இப்ப என்ன கேக்குது?"

"விசில் கேக்குது."

"அன்னிக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே."

"அப்புறம் ஏங்க சொல்லல?"

"அதுவும் பாட்டுல சேர்த்திதான்னு நெனச்சேன். நான் என்னத்தக் கண்டேன்? நல்லா இருக்குன்னு சொல்லிட்டா வம்பில்லன்னு..."

அவளுக்கு அவரை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த தலையணையால் இரண்டு போடு போட்டாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் மாறிவிட்டது. "இத்தன நாள் இத மனசுல வச்சுக்கிட்டா சுத்துன?" என்று கேட்டு, விலை உயர்ந்த கண்ணாடியைத் தொடுவதுபோல அவள் காதை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

காது டாக்டரிடம் பெரியக்காதான் கூட வந்தாள். வழியெல்லாம் திட்டு. "என்கிட்ட மறைச்சிருக்க. எனக்குக் காதுதான் கேக்காது, புத்தி கெட்டுப் போச்சா?" என்று பஸ்ஸில் அவள் போட்ட சத்தத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். கீழ்ச் சத்தம், மேல் சத்தம், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கிற சத்தம். எல்லாவற்றுக்கும் அமுக்கினாள். வெளியே பெரியக்கா கண்ணாடி வழியே தங்கையின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் சோதனையின் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். "வயசுக்கு ஏத்த காது. நல்லா இருக்கு. வருஷத்துக்கு ஒருதடவ மட்டும் வந்து காட்டுங்க."

"அப்ப படுக்கும்போது கேட்டதெல்லாம்?"

"சத்தமே இல்லாத இடத்துல உத்துக் கேட்டா யாருக்கும் ஏதாவது கேக்கும்மா. பயந்துக்கிட்டு கேட்டீங்கன்னா கேட்டுக்கிட்டேதான் இருக்கும்."

பெரியக்கா டாக்டரின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையின் கையைப் பிடித்து, "நல்லா இருக்குன்னுதான சொன்னாரு?" என்று கேட்டாள். தங்கை தலையாட்டினாள். "வாயத் திறந்து சொல்லுடி." "நல்லா இருக்காம்க்கா." பெரியக்கா நாற்காலியில் சாய்ந்து நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

வெளியே நல்ல வெயில். படியிறங்கும்போதே பெரியக்கா, "பசி உயிர் போகுது. காலைல இருந்து பயத்துல ஒண்ணும் இறங்கல" என்றாள். எதிரில் இருந்த சாப்பாட்டுக் கடையில் இருவரும் போய் உட்கார்ந்தார்கள். சாப்பாடு வந்ததும் பெரியக்கா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். முடித்துவிட்டு இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.