கால் விரல் பார்க்கும் சிஸ்டர்

எங்கள் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவருக்குக் 'கால் சிஸ்டர்' என்று பெயர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். டியூட்டிக்கு வந்ததும் எல்லோரும் மானிட்டரைப் பார்ப்பார்கள். இவர் போர்வையின் அடிப்பக்கத்தைத் தூக்கி நோயாளியின் கால் விரல்களைப் பிடித்துப் பார்ப்பார். "செருப்புக்கு அளவு எடுக்கிறாங்க" என்று கிண்டல் செய்வோம். காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

நான் அங்கே கம்ப்யூட்டரில் எண்களைப் போடுகிறவன். வயது, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு எல்லாம் போட்டால், இதே நிலையில் வந்த ஆயிரக்கணக்கான முதியவர்களை வைத்து, இறந்துபோக நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லிவிடும். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். எனக்கு அதன் மேல் பயபக்தியே உண்டு.

அன்று எண்பத்து மூன்று வயதுப் பெரியவர் ஒருவருக்கு எழுபத்தெட்டு வந்தது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சுவாசக் கருவியை எடுத்துவிடலாம் என்று டாக்டர் அவர் மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"டாக்டர், அஞ்சு நிமிஷம் பொறுங்க," என்ற சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "ஆறு மணி நேரமா யூரினே இல்லன்னு போட்டிருக்கீங்களே தம்பி?"

"யூரின் பை காலியா இருந்துச்சு சிஸ்டர்."

"விரல் கதகதன்னு இருக்கு, ரத்தம் கால் வரைக்கும் நல்லா ஓடுது. இவருக்கு ஒரு சொட்டுகூடவா வராம இருக்கும்?"

விசாரித்தோம். ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது உதவியாளர் பையைக் காலி செய்திருக்கிறார். ஷிஃப்ட் மாறும் அவசரத்தில் அளவை வாயால் சொன்னதோடு சரி, யாரும் எழுதவில்லை. நான் காலிப் பையைப் பார்த்துப் பூஜ்யம் போட்டுவிட்டேன். முந்நூற்றைம்பது மில்லி என்று திருத்தினேன். எழுபத்தெட்டு நாற்பத்தொன்றாக இறங்கியது.

சிஸ்டர் மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "இவர மாதிரி வந்த நூறு பேர்ல நாப்பத்தோரு பேர் போயிட்டாங்கம்மா. மீதிப் பேர் வீட்டுக்குப் போனாங்க. உங்கப்பா எந்தப் பக்கம்னு எனக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது."

அந்த அம்மா பேனாவை மூடினார். "அப்ப பாக்கலாம் சிஸ்டர்."

பன்னிரண்டாம் நாள் பெரியவர் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, "என் செருப்பு எங்கம்மா?" என்று மகளைக் கேட்டார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டர்தான் கட்டிலுக்கடியில் தேடி எடுத்து மாட்டிவிட்டார்.

"இத்தனை வருஷமாப் பாக்குறேன். இப்படி ஒருத்தர் பொழச்சு எழுந்து உக்காரும்போது ஒவ்வொரு தடவையும் மலைப்பாத்தான் இருக்கு," என்றார் அவர், பெரியவரின் விரல்களை விடாமல்.